கேப்டன் செல்டனுக்குச் சிறப்புப்பாயிரம்

உட்காருங்கள் ஐயா, உட்காருங்கள். நான் நிற்பதைப் பார்த்து இடம் இல்லையோ என்று எண்ண வேண்டாம். இடம் தாராளமாக இருக்கிறது. திருநெல்வேலியில் ஏறியது முதல் எனக்கு இப்படித்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் வண்டி நகரவே இல்லை என்று படுகிறது. விழுப்புரத்துக்கு எத்தனை மணிக்குப் போகும்? ஒருவர் மூன்று என்கிறார், ஒருவர் மூன்றரை என்கிறார். எதுவாயினும் சரி, வியாழக்கிழமைக்கு முன்னால் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும். இன்று செவ்வாய்தானே? செவ்வாய்தான்.

மாயவரம் முன்சீப் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் என்றா சொன்னீர்கள்? நல்லதாயிற்று. சாட்சி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் இங்கிலீஷில் சொல்கிறவர். அப்படிப்பட்டவரிடம் சொல்லலாம். சொன்னால் இந்தக் கால் ஓரிடத்தில் நிற்குமோ என்னவோ.

என் பெயர் காந்திமதிநாத பிள்ளை. சேரமாதேவி. துரைமாருக்குத் தமிழ் கற்பித்த முன்ஷி, வயது அறுபத்தாறு. வியாழக்கிழமை ஓர் அம்மாள் சென்னையில் கப்பலேறுகிறார்கள். பெல்லமி துரைசானி. அவர்களைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: 'அம்மணி, நான் உங்களை மன்னித்துவிட்டேன்.' அதற்காகத்தான் இத்தனை தூரம்.

சிரிக்காதீர்கள். முழுவதும் கேளுங்கள்.

ஏழு ஆண்டுக்கு முந்திய ஆனி ஆடி. பெல்லமி துரை அப்போது சேரமாதேவியில் சப்கலெக்டர். குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் துரையும் துரைசானியும் அங்கே பங்களாவுக்கு வந்துவிடுவார்கள். முன்ஷியும் கூட வர வேண்டும். ஆனால் அந்த ஆண்டு பாடம் படித்தது துரை அல்லர். துரைசானி கதை எழுதிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு அத்தியாயம். அத்தியாயத்துக்கு ஒன்றாகத் தலைப்பில் நம் பக்கத்துப் பாட்டு நாலு வரி, இங்கிலீஷ்ச் செய்யுளில். பாட்டுக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். இலஞ்சியில் நாற்று நடுகிறவர்களிடம் ஒரு பாடம், மேலகரத்தில் ஒரு பாடம், பண்பொழியில் ஒரு பாடம் என்று ஒவ்வொரு பாட்டையும் மூன்று பாடமாக எழுதிக் கொடுப்பேன். 'முன்ஷி, எனக்கு நாலு வரிதான் வேண்டும்' என்பார்கள். 'எந்த நாலு வரி என்று தெரிய மூன்றும் வேண்டும் அம்மணி' என்பேன். அவர்களுக்கு அது பிடித்தது. நகைப்பார்கள். தமிழில் என்னை 'நீங்கள்' என்று அழைத்த ஒரே வெள்ளைக்காரர் அவர்கள். துரைகூட 'நீர்'தான்.

கதையா? சாரலுக்கு வந்து கூடும் வெள்ளைக்காரர்களின் கதை. அவர்கள் வாசிக்க வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அதில் ஒரு பெரிய அதிகாரியின் மனைவி வருவாள். குளிக்கப் போகும்போதும் மயிலிறகுத் தொப்பி; யார் வீட்டில் யார் முதலில் உட்காரலாம் என்பதற்கே வாழ்நாளைக் கொடுத்தவள். பக்கத்து பங்களாவில் அப்படியே ஒருத்தி இருந்தாள், ஐயா! கலெக்டரின் சம்சாரம். தொப்பியும் அதே தொப்பி. பங்களாவில் ஞானப்பூ என்று ஓர் ஆயா. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் அரைகுறையாகப் புரியும். அவள் அந்த இடம் வரும்போதெல்லாம் சேலைத் தலைப்பை வாயில் அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள்.

ஆவணி பிறந்ததும் கதை முடிந்தது. சென்னையிலிருந்து ஒரு நகலெழுத்துக்காரன் வந்து சுத்தப் பிரதி எழுதினான். லண்டனில் ஒரு கம்பெனி அச்சிட ஒப்புக்கொண்டிருந்தது. துரைசானி தம் கையாலேயே மெழுகுத் துணியில் சுற்றிக் கட்டி, 'முன்ஷி, தென்காசி தபாலாபீசில் நீங்களே சேர்க்க வேண்டும்' என்று என்னிடம் கொடுத்தார்கள். என்னிடம். துரையின் டவாலிச் சேவகனிடம் அல்ல.

இனிமேல் சொல்வதைக் கவனியுங்கள்.

நம் மரபில் பாயிரம் இல்லாத நூல் உண்டா? நூலாசிரியன் தன்னைத் தானே புகழ முடியாது; தகுதியுள்ள வேறொருவன் புகழ்ந்து சிறப்புப்பாயிரம் கொடுக்க வேண்டும். அதில் இன்னின்ன செய்தி வரவேண்டும் என்று எட்டு வைத்திருக்கிறார்கள். யார் எழுதியது, எதன் வழி வந்தது, எந்த எல்லையில் வழங்குவது, என்ன பெயர், என்ன யாப்பு, என்ன பொருள், யார் கேட்க, என்ன பயன். எட்டில் ஒன்று குறைந்தாலும் பாயிரம் ஊனம். துரைசானிக்கு லண்டனில் யார் பாயிரம் கொடுப்பார்கள்? நான் இருக்கிறேன். ஒன்பது வெண்பா செய்தேன். ஒன்பதிலும் ஓர் இடத்தில்கூடத் தளை தட்டாது. இன்றைக்கும் எந்தப் புலவனும் எடுத்துப் பார்க்கலாம். கம்பெனிக்காரனுக்குத் தமிழ் தெரியாதே என்று ஒவ்வொரு வெண்பாவுக்கும் கீழே இங்கிலீஷில் உரையும் எழுதினேன். அம்மாளிடம் காட்டவில்லை. அச்சில் பார்த்து மகிழட்டும் என்று விட்டுவிட்டேன்.

வராந்தாவில் உட்கார்ந்து மெழுகுத் துணியை அவிழ்த்தேன். பாயிரம் நூலுக்கு முன்னால் வர வேண்டும். தனியாக அனுப்பினால் எங்காவது சொருகிவிடுவார்கள். அவிழ்த்தால், முதல் தாளில் என்ன பார்த்தேன் தெரியுமா? நூலின் பெயர், அதன்கீழே 'கேப்டன் ரால்ப் செல்டன் இயற்றியது.'

கேப்டன் செல்டன்! யார் அவன்? எங்கள் ஜில்லாவில் அப்படி ஒரு கேப்டனே கிடையாது. நகலெழுத்துக்காரன் வேலை என்று உடனே தெரிந்துவிட்டது. சென்னையில் பத்துப் பேருடைய பிரதியை ஒரே மேசையில் எழுதுகிறவன்; வேறு எவனுடைய பெயரையோ இங்கே எழுதித் தொலைத்துவிட்டான். இரண்டு மாதம் இரவு பகலாக அந்த அம்மாள் எழுதியதை எவனோ ஒரு கேப்டன் கொண்டுபோவதா? என்னுடைய முதல் வெண்பாவைத் திருத்தினேன். 'இதை இயற்றியவர் கேப்டன் அல்லர்; சேரமாதேவி சப்கலெக்டர் பெல்லமி துரையின் இல்லாள் எமிலி' என்று ஐயத்துக்கு இடமில்லாமல் வைத்தேன். ஆறாம் வெண்பா பொருளைப் பற்றியது. லண்டன்காரருக்கு மயிலிறகுத் தொப்பிக்காரி யார் என்று எப்படித் தெரியும்? அதையும் உரையில் விளக்கினேன். இன்ன ஜில்லா, இன்ன கலெக்டர், அவர் மனைவி என்று. படிக்கிறவன் தடுமாறக் கூடாது, ஐயா. உரைகாரன் எதற்கு இருக்கிறான்?

நீங்கள் ஏன் நெற்றியில் கை வைத்துக்கொண்டீர்கள்? வெயில்தான். அந்த ஜன்னல் பலகையை இறக்கிவிடட்டுமா?

அப்போது ஞானப்பூ வந்தாள். இந்த இடத்தில் எனக்கு இரண்டு பாடம் இருக்கிறது. ஒன்றில், அவள் வந்தாள், 'அம்மா கட்டினத ஏன் அய்யா அவுக்கீக?' என்று கேட்டாள், போய்விட்டாள். இன்னொன்றில் அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். எது முதற்பாடம், எது பிற்காலத்தில் சேர்ந்தது என்று என்னால் தீர்க்க முடியவில்லை. ஏழு ஆண்டாகிறது அல்லவா? இருக்கட்டும். மறுபடி கட்டி, அரக்கு வைத்து, தென்காசியில் சேர்த்தேன்.

அடுத்த பங்குனியில் அச்சுப் புத்தகம் வந்தது. ஆறு பிரதி. காலனிப் பதிப்பு என்று ஒரு வகை உண்டு, பார்த்திருப்பீர்கள். மட்டமான தாள், அட்டையில் 'இந்தியாவிலும் குடியேற்ற நாடுகளிலும் மட்டும் விற்பதற்கு' என்று அச்சிட்டிருக்கும். எனக்கு ஒரு கணம் மகிழ்ச்சி. எந்த எல்லையில் வழங்குவது என்ற உறுப்பை அட்டையிலேயே போட்டுவிட்டார்களே என்று! முதல் பக்கத்தைத் திருப்பினார்கள் துரைசானி. கேப்டன் இல்லை. 'மிசஸ் எமிலி பெல்லமி, ஓர் இந்திய அதிகாரியின் மனைவி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கம்பெனிக்காரன் ஒரு கடிதமும் வைத்திருந்தான். உண்மைப் பெயரையும் உண்மை மனிதர்களையும் அறிந்ததில் மிக்க மகிழ்ச்சி, விளம்பரத்துக்கு அது பெரிதும் உதவுகிறது என்று.

ஆகப் பிழை திருந்தியது யாரால்? என்னால். ஆனால் பாயிரம் எங்கே? நான் அவர்கள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறேன். தலைப்புப் பக்கம். அதற்கு அடுத்து முதல் அத்தியாயம். ஒன்பது வெண்பாவில் ஒன்றுகூட இல்லை. உரையிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு பாட்டை எறிந்துவிட்டான். காந்திமதிநாதன் என்ற பெயர் ஒரு மூலையில்கூட இல்லை.

துரைசானியைப் பார்த்தேன். கண்ணில் நீர். நான் என்ன நினைத்தேன்? முன்ஷியின் உழைப்பைக் கம்பெனி இப்படிச் செய்துவிட்டதே என்று எனக்காக வருந்துகிறார்கள் என்று நினைத்தேன். அதன்பின் ஏதோ கேட்டார்கள். 'முன்ஷி, இதை நீங்களா எழுதினீர்கள்?' என்றோ, 'முன்ஷி, என்ன எழுதினீர்கள்?' என்றோ. நான் 'ஆம் அம்மணி, எட்டும் குறைவில்லாமல்' என்றேன். 'போங்கள்' என்றார்கள். அப்போதும் 'போங்கள்'தான், 'போ' என்று சொல்லவில்லை.

அதற்குப்பின் என்னை அவர்கள் அழைக்கவே இல்லை.

மூன்று வாரத்தில் ஜில்லா முழுவதும் அந்தப் புத்தகம். கலெக்டர் வீட்டு வண்டிக்காரன்கூட மயிலிறகைப் பற்றிப் பேசினான். அடுத்த மாதமே பெல்லமி துரைக்குக் கஞ்சம் ஜில்லாவுக்கு மாற்றல் வந்தது. மலைக்காய்ச்சல் பிரதேசம். இரண்டாம் ஆண்டு துரை அங்கே காலமானார். நல்ல மனிதர். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? மாற்றல் என்பது உத்தியோகத்தில் வருவது. காய்ச்சல் யாருக்கும் வருவது.

துரைசானி சென்னைக்கு வந்து ஏதோ ஒரு பெண் பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார்கள். ஞானப்பூ அவர்களை விட்டுப் போகவில்லை. நான் பதினொரு கடிதம் எழுதினேன். 'பாயிரம் விடுபட்டது உங்கள் குற்றம் அன்று' என்று ஒவ்வொன்றிலும் எழுதினேன். பதில் இல்லை. வெட்கம், ஐயா. பெரிய மனிதர்களுக்கு வெட்கம் வந்தால் இப்படித்தான் ஒதுங்குவார்கள். ஒதுங்கட்டும். ஆனால் எனக்கும் மனம் உண்டு அல்லவா? ஒரு வரி எழுதியிருக்கலாம்.

போன மாதம் ஞானப்பூவிடமிருந்து ஒரு கடிதம். இதோ, பைக்குள்ளேயே இருக்கிறது. அவள் பேசுவதுபோலவே எழுதுவாள். கேளுங்கள்.

'அய்யாவுக்கு ஞானப்பூ எழுதிக்கொண்டது. அம்மா வார மாசம் ரெண்டாம் வியாழக்கிழமை கப்பலேறிச் சீமைக்கே போறாவ. ஒடம்பு தேஞ்சு போச்சு. புதுசா ஒரு கதை எழுதி அந்தப் பழைய கம்பெனிக்கே அனுப்பியிருக்காவ, மார்கன்னு ஆம்பளப் பேரு போட்டு, இன்னொருத்தர் மூலமா. எழுதினது இவுகதான்னு கம்பெனிக்குத் தெரியாது. பெல்லமின்னு தெரிஞ்சா தள்ளிருவான், ஊரும் பழசக் கிண்டும். அந்தப் புஸ்தகம்தான் அங்க போயி அவுக குடிக்கிற கஞ்சி. நான் கூடப் போகல. யாருட்டயாவது சொல்லணும்னு மனசு அடிச்சிக்கிச்சு, அதான் எழுதுதேன். அய்யா வழியனுப்ப வர வேண்டாம்னு அம்மா சொல்லச் சொன்னாவ.'

'வர வேண்டாம்' என்பது உபசாரம். வெட்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். நான் கிளம்பிவிட்டேன். வெறுங்கையோடு கிளம்பினேனா? இல்லை. போன முறை பாயிரம் விடுபட்டதற்கு ஒரு காரணம் என் தவறும்தான். நூலோடு சேர்த்துக் கட்டியதால் யாரோ ஒரு குமாஸ்தா கையில் போயிருக்கும். இம்முறை பதினொரு வெண்பா. புதிய இங்கிலீஷ் உரை. கதையின் பொருள் எனக்குத் தெரியாது, ஆகையால் நூலாசிரியரைப் பற்றியே விரிவாகச் செய்தேன். மார்கன் அல்லர், இன்னார், முன்பு இன்ன நூல் செய்தவர், இன்ன காரணத்தால் கணவருக்கு மாற்றல் வந்தது என்பது உட்பட. கம்பெனியின் முதலாளி பெயருக்கே ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். பதின்மூன்று நாளாகிறது. துறைமுகத்தில் அம்மாளிடம் மன்னித்தேன் என்று சொல்லி, இந்தச் செய்தியையும் சொன்னால்...

என்ன ஐயா? நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்?

உட்காருங்கள். நின்றுகொண்டு என்னை அப்படிப் பார்க்காதீர்கள்.

என்ன கேட்டீர்கள்? ஆயா சொன்னாளா இல்லையா என்றா? கோர்ட்டுக் கேள்வி கேட்கிறீர்கள். இரண்டு பாடம் இருக்கிறது என்றேனே. இரண்டாவது பாடத்தில் என்ன சொன்னாள் என்றா? அது நம்பத் தகுந்த பாடம் அன்று.

சொன்னாள்.

சொன்னாள், ஐயா. 'அய்யா, பேர மாத்திப் போட்டது நகலெழுதுனவன் இல்ல. அம்மாதான் போடச் சொன்னாவ. வேணும்னுல்லா மறச்சி வச்சிருக்காவ, கலெக்டர் வீட்டுக்குத் தெரிஞ்சா தொரைக்கு ஆகாது' என்றாள். கையைப் பிடிக்காத குறை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'ஏ ஞானப்பூ, பாயிரம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியுமா?' என்றேன். அவள் 'தெரியாது அய்யா' என்றாள். 'அப்படியானால் வாயை மூடிக்கொண்டு அரக்கைக் காய்ச்சு' என்றேன். அவள்தான் காய்ச்சிக் கொடுத்தாள்.

அன்று துரைசானி கேட்டது, நான் முன்பு சொன்ன அந்த இரண்டு கேள்வியும் அன்று. 'யாரைக் கேட்டு எழுதினீர்கள்?' என்றார்கள். அதுதான் கேள்வி. அதற்குத்தான் நான் 'எட்டும் குறைவில்லாமல்' என்றேன்.

வண்டி ஏன் இப்படி ஊர்கிறது? இது எந்த ஊர்? கடலூர் தாண்டிவிட்டோமா?

ஐயா, நீங்கள் தபால் விவரம் அறிந்தவர். திருநெல்வேலியில் சேர்த்தது லண்டன் போக எத்தனை நாள்? இருபதா? அப்படியானால் பொட்டலம் இன்னும் கடலில்தான் இருக்கிறது. கம்பெனிக்குத் தந்தி அடித்தால் அதை முந்துமா? கட்டாயம் முந்துமா? விழுப்புரம் ஸ்டேஷனில் தந்தியாபீஸ் இருக்கிறதா? செலவு கிடக்கட்டும். இந்தப் பண முடிச்சில் இருப்பதெல்லாம் இதற்குத்தான் இனி.

தாள் இருக்கிறதா? எழுதுங்கள். 'காந்திமதிநாத பிள்ளை அனுப்பும் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.'

ஆம், நீங்கள் சொல்வது சரி. பிரிக்காதே என்றால் முதலில் பிரிப்பான். போன முறை உண்மைப் பெயர் தெரிந்ததும் அவன் எவ்வளவு சந்தோஷப்பட்டான்! பிரித்தாலும் நம்பக்கூடாது. அப்படி ஒன்று எழுத வேண்டும். எந்த நூல், யார் மார்கன் என்ற பேச்சே வரக்கூடாது. என்ன எழுதலாம்?

இல்லை, இல்லை. 'பாட்டில் பிழை மலிந்திருக்கிறது, ஆகையால் தள்ளிவிடுக' என்று எழுதாதீர்கள். அது பொய். பதினொன்றிலும் ஒரு பிழை இல்லை. சாட்சி சொல்லாததைக் கோர்ட்டில் எழுதுவீர்களா? பைத்தியக்காரன் என்று எழுதுங்கள். ஆமாம், நான்தான் சொல்கிறேன். 'இப்படி ஒரு கிழவர் இருக்கிறார், சித்த சுவாதீனம் இல்லாதவர், கண்ட நூலுக்கெல்லாம் ஆசிரியர் இன்னார் என்று கற்பித்து எல்லாக் கம்பெனிகளுக்கும் எழுதுவார், பொருட்படுத்த வேண்டாம்.' கீழே நீங்கள் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் உத்தியோகத்தோடு. கோர்ட்டுக்காரர் எழுதினால் நம்புவான். தயங்காதீர்கள். உங்களுக்கு இதனால் ஒரு கேடும் வராது. நான் மறுக்கப் போவதில்லை.

விழுப்புரம் வருகிறது. அதோ சிக்னல். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம் நிற்கும். தெற்கே போகும் வண்டி எத்தனை மணிக்கு என்றும் கேட்டுவிடுங்கள்; நான் சென்னைக்கு வரவில்லை. அவர்கள் வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு நிமிஷம். பெயரை எப்படி எழுதியிருக்கிறீர்கள்? சொல் கணக்குப் பார்த்துச் சுருக்க வேண்டாம். காந்திமதிநாத பிள்ளை, முன்ஷி, சேரமாதேவி என்று முழுதாக இருக்கட்டும். வேறு எவனாவது ஒருவனுடைய பொட்டலத்தை எறிந்துவிட்டு, என்னுடையதை அவன் படித்துவிடப் போகிறான்.